நூற்றுக்கு நூற்று நாற்பது

அந்த ஆய்வு நிலையத்தில் அநேகமாக எல்லோரும் அவரை ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அறுபதைத் தாண்டிய தலைமை டாக்டர்கூட அப்படித்தான். அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. ஆள் குள்ளம். "ஊரையே அளக்கிறீங்க, உங்களை அளக்க பள்ளிக்கூட ஸ்கேலே போதும்" என்று ரத்தம் எடுக்கும் நர்ஸ் கேலி செய்வாள். அக்காவும் வாய்விட்டுச் சிரிப்பார்.

இங்கே வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளை எடை போட்டவர் அவர். சுற்றியிருக்கும் துணியின் எடையைக் கழிக்காமல் யாராவது எழுதிவிட்டால், துணியைத் தனியாகத் தட்டில் போட்டுக் காட்டி, "இதுவும் பிள்ளையா?" என்று கேட்பார். அந்தக் கறாரைக் கேள்விப்பட்டுத்தான் தலைமை டாக்டர் அவரை ஆய்வுக்கு அழைத்துக்கொண்டார்.

ஆய்வு இதுதான். மனிதர்களில் ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. இந்த வித்தியாசத்தில் பரம்பரையின் பங்கு எவ்வளவு, அது மரபணுவில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து ஊர்களில் ஐந்து நிலையங்கள். வருகிறவர்களின் உயரத்தை அளப்பார்கள், எடை பார்ப்பார்கள், ஒரு குழாய் ரத்தம் எடுப்பார்கள். ரத்தம் பெரிய ஆய்வகத்துக்குப் போகும். அங்கே ஒவ்வொருவரின் மரபணுத் தொகுதியிலும் பல லட்சம் இடங்களைப் பார்த்து, மரபணுவை எழுதியிருக்கும் நான்கு எழுத்துகளில் இந்த இடத்தில் இந்த எழுத்து இருப்பவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சமாவது உயரமா என்று ஒவ்வொரு இடமாகக் கேட்பார்கள். ஓர் இடம் தருவது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான இடங்களைக் கூட்டினால்தான் ஏதாவது தெரியும்.

"மில்லிமீட்டரைத்தான் தேடறோம்" என்று பயிற்சி வகுப்பில் தலைமை டாக்டர் சொன்னார். "நீங்க சென்டிமீட்டர்ல தப்பு விட்டா நாங்க தேடறது அதுக்குள்ளயே காணாமப் போயிடும்."

ஐந்து நிலையங்களின் அளப்பவர்களுக்கும் ஒரு போட்டி வைத்தார்கள். இருபது பேரை இரண்டு முறை அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் யாருக்குக் குறைவான வித்தியாசம் வருகிறதோ அவருக்குப் பரிசு. அக்கா முதலாவதாக வந்தார். புதிதாகச் சேருகிறவர்களை இரண்டு நாள் அக்காவிடம் அனுப்பி வேலை பழக்கினார்கள்.

அவர் அறை மாடிப்படிக்குப் பக்கத்தில். சுவரோடு நிற்கும் அளவுப் பலகை, அதில் மேலும் கீழும் நகரும் கட்டை, பக்கத்தில் இரண்டு படி வைத்த சின்ன முக்காலி. செருப்பைக் கழற்றச் சொல்வார். கொண்டை போட்டிருந்தால் அவிழ்க்கச் சொல்வார். குதிகால் பலகையில் படவேண்டும், பார்வை நேராக இருக்கவேண்டும், மூச்சை இழுத்துப் பிடிக்கவேண்டும். கட்டையை இறக்கித் தலையில் படவைத்து, முக்காலியில் ஏறி, கண்ணை அளவுக்கு நேராக வைத்துப் படிப்பார். பிறகு ஆளை வெளியே வந்து நடக்கச் சொல்லி, மறுபடி நிறுத்தி, மறுபடி அளப்பார். இரண்டுக்கும் அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறை. இது விதி.

முதல் வருடம் ஒரு விதியும் பிசகவில்லை. இரண்டாம் வருடம் முழங்கால் பிடித்துக்கொண்டது.

ஒரு நாளைக்கு நாற்பது பேர் என்றால் எண்பது முறை முக்காலியில் ஏறி எண்பது முறை இறங்க வேண்டும். மதியத்துக்குமேல் வலது முழங்காலை மடக்கவே முடியாது. சொல்லியிருந்தால் ஓர் உதவியாளரைப் போட்டிருப்பார்கள், அல்லது கண்ணாடி வைத்துக் கீழிருந்தே படிக்கும் பலகையை வாங்கியிருப்பார்கள். அக்கா சொல்லவில்லை. ஐந்து ஊரில் முதலாவதாக வந்தவள் முட்டி வலிக்கிறது என்று போய் நிற்பதா என்று இருந்தது.

முதலில் இரண்டாம் அளவை விட்டார். முதல் அளவு நூற்று அறுபத்து நான்கு புள்ளி இரண்டு என்றால் இரண்டாவது புள்ளி மூன்று என்று கையாலேயே எழுதினார். தன் அளவு எப்படியும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. அளந்திருந்தால் வந்திருக்கக்கூடியதைத்தான் எழுதுகிறோம் என்று நினைத்தார்.

அடுத்தது சனிக்கிழமைகளில் வந்தது. சனிக்கிழமை உடன்பிறந்தவர்கள் வரும் நாள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று ஜோடி ஜோடியாக வருவார்கள். ஆய்வுக்கு அவர்கள் மிக முக்கியம். ஒரு சனிக்கிழமை, ரத்தம் கொடுத்த ஒரு தங்கை தலை சுற்றிப் படுத்துவிட்டாள். அக்காக்காரியை அளந்தாயிற்று. வெளியே வரிசை வாசல்வரை நிற்கிறது.

"உங்க தங்கச்சி உங்க உயரம்தானா?"

"கொஞ்சம் கம்மியா இருப்பா."

அக்காக்காரியின் உயரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் குறைத்து எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அன்று மாலை முழங்காலில் எண்ணெய் தேய்க்கும்போது மனசு ஒரு முறை உறுத்தியது. அடுத்த சனிக்கிழமை அவ்வளவு உறுத்தவில்லை. நாலைந்து வாரத்தில் அது வழக்கமாயிற்று. ஜோடியில் ஒருவரை அளப்பார். மற்றவர் ரத்தம் கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கதவு வழியாக எட்டி ஒரு பார்வை பார்ப்பார். உடன்பிறந்தவர்கள்தானே, ஒரே அச்சுதானே என்று எழுதிவிடுவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் அவர் பேச்சு வேறு. அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் அப்படியே தன்னைப்போல என்பார். படித்தாள், வெளிநாட்டில் வேலையில் இருக்கிறாள். சின்னவள் அப்படியே நாத்தனார் ரத்தம் என்பார். அந்த நாத்தனார் எந்த வேலையிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. சின்னவள் பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் ஏழு மதிப்பெண்ணில் தோற்றபோது, மறுபடி எழுதுகிறேன் என்று அழுதாள். "எத்தனை தடவை எழுதினாலும் இதுதான். ரத்தத்துல இல்லாதது எங்கேருந்து வரும்?" என்று சொல்லி, ஒரு கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அது நடந்து பதினாலு வருடம். சின்னவளுக்கு இப்போது கல்யாணமாகி, கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கும் வேலை. அம்மாவும் பெண்ணும் ஒரே ஊரில் இருந்தும், போனில் "சாப்பிட்டியா, உடம்பு எப்படி" என்பதோடு சரி.

ஆய்வின் மூன்றாம் வருடம் முதல் முடிவுகள் வந்தன. தலைமை நிலையத்திலிருந்து புள்ளிவிவர மேடம் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, வேகமாகப் பேசுகிற பெண். நிலையத்து ஆட்கள் பதினாலு பேரையும் கூடத்தில் உட்காரவைத்து, திரையில் படம் போட்டுக் காட்டினாள்.

"உடன்பிறந்தவங்களுக்கு மரபணுவில ஏறக்குறைய பாதி பொது. அதனால அவங்க உயரம் எவ்வளவு ஒத்துப்போகுதோ அதை ரெண்டால பெருக்கினா, உயர வித்தியாசத்துல பரம்பரையோட பங்கு சுமாரா கிடைக்கும். மத்த நாலு ஊர்லயும் நூத்துக்கு எண்பது பக்கம் வந்திருக்கு. ஆனா ரத்தத்துல இடம் இடமாத் தேடிக் கூட்டினா நாற்பதுகூடத் தேறலை. மீதி எங்கே போச்சுங்கிறதுதான் இந்தத் துறையோட பெரிய தலைவலி. ஒவ்வொண்ணும் ரொம்பச் சின்னதா இருக்கிறதால நம்ம வலையில விழாம இருக்கலாம். குடும்பக் கணக்கே கொஞ்சம் அதிகமாவும் சொல்லலாம், ஒரே வீட்டுச் சாப்பாடு, ஒரே மாதிரி வளர்ப்பு எல்லாம் அதுல கலந்துடும்." கொஞ்சம் நிறுத்திச் சிரித்தாள். "ஆனா உங்க ஊர் தனி ரகம். உங்க ஊர்ல பரம்பரை நூத்துக்கு நூத்து நாற்பது."

கூடமே சிரித்தது. "எங்க ஊர்ல அப்பனுக்கு மேலயே அப்பன் மாதிரி பிறக்குது போல" என்றான் வாட்ச்மேன். அக்காவும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் காது மடல் இரண்டும் தீயாய்ச் சுட்டது. கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"நூறுக்கு மேல போகவே முடியாதுங்க" என்று மேடம் தொடர்ந்தாள். "அண்ணன் தம்பி உயரம் எல்லாம் ஒரே வரியைப் பார்த்து ரெண்டு தடவை எழுதின மாதிரி இருக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது வரி மாறியிருக்கணும்."

எல்லோர் முகமும் டைப்பிஸ்ட் அண்ணன் பக்கம் திரும்பியது.

டைப்பிஸ்ட் அண்ணன் ஓய்வுக்கு ஒரு வருடம் பாக்கி இருந்தவர். பதிவேட்டிலிருந்து எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. நிலையத்தில் அவர் ஒருவர்தான் அக்காவை அக்கா என்று கூப்பிடமாட்டார், தங்கச்சி என்பார். எழுந்து நின்று, "நான் ரெண்டு தடவை சரிபார்ப்பேங்க" என்றார். மேடம் கெட்டவள் இல்லை. "பார்க்கலாம் சார், யாரையும் குறை சொல்லலை" என்றாள். ஆனால் மறுநாளே, விசாரணை முடியும்வரை அவர் கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம் என்று உத்தரவு வந்தது. பின்கட்டு அறையில் பழைய காகிதங்களை வருடவாரியாக அடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

அக்கா அந்தக் கூட்டத்திலேயே எழுந்து சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனார். மறுநாள் தலைமை டாக்டர் ஊரில் இல்லை. அதற்கு மறுநாள் இருந்தார். அன்று அவருக்குத் தலைவலி என்று நர்ஸ் சொன்னதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டார். பதிவேட்டை அவர்கள் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் டைப்பிஸ்ட் அண்ணன் மேல் தப்பில்லை என்று தானாகத் தெரிந்துவிடும், தான் சொல்லவேண்டிய அவசியமே இருக்காது என்றும் ஒரு நாள் நினைத்தார். அப்படி நினைத்ததைத்தான் பின்னால் அவரால் மன்னிக்க முடியவில்லை. "முட்டி வலிக்கு எழுதினதைக்கூடச் சொல்லிடுவேன். அந்த ஒம்பது நாள் கணக்கை யார்கிட்ட சொல்றது?" என்பார்.

ஒன்பதாவது நாள் மதியம் டைப்பிஸ்ட் அண்ணன் அவர் அறைக்கு வந்தார். கையில் பதிவேட்டின் நகல். மூக்கில் புதுக் கண்ணாடி.

"தங்கச்சி, ஒரு உதவி. நீ எண்ணை வாய்விட்டுப் படி. நான் எழுதறேன். எழுதினதும் நீயே பாரு. எனக்குக் கண்ணு போயிடுச்சா, இல்ல மண்டைதான் போயிடுச்சான்னு தெரியணும்."

"எதுக்குண்ணே இதெல்லாம்?"

"வேற யார்கிட்ட கேப்பேன்? இந்த நிலையத்துலயே எண்ணுல தப்பு விடாத ஆள் நீதானே."

அக்கா படித்தார். தன் கையெழுத்திலிருந்த எண்களைத் தன் வாயாலேயே படித்தார். நூற்று எழுபத்தொன்று புள்ளி நாலு. நூற்று எழுபத்தொன்று புள்ளி ஐந்து. அடுத்த வரி, தம்பி: நூற்று அறுபத்தொன்பது புள்ளி எட்டு. நூற்று அறுபத்தொன்பது புள்ளி ஒன்பது. டைப்பிஸ்ட் அண்ணன் பள்ளிக்கூடப் பிள்ளைபோல உதட்டை அசைத்துக்கொண்டே எழுதினார். இரண்டு பக்கம் முடிந்தது. ஒரு தப்பு இல்லை.

"எல்லாம் சரியா இருக்குண்ணே."

"அப்படின்னா எப்படி வந்துச்சு?" என்று அவர் அக்காவையே பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. உண்மையாகவே புரியாமல் பார்த்தார்.

அக்கா பதிவேட்டின் நகலை மூடினார். "அண்ணே, அது நான்" என்றார். அவ்வளவுதான் முதலில் வந்தது. பிறகு முழுவதையும் சொன்னார். தலை நிமிரவில்லை, அவர் காலில் கிடந்த ரப்பர் செருப்பைப் பார்த்தே சொன்னார்.

டைப்பிஸ்ட் அண்ணன் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த ஒம்பது நாள்ல நானே நம்பிட்டேன் தங்கச்சி. நான்தான் பண்ணியிருப்பேன், ஞாபகம் இல்லன்னு. வீட்ல போய்ச் சொல்லிட்டேன், எனக்கு மறதி வந்துடுச்சு, இனி சாவி கீவி எதையும் என்கிட்ட குடுக்காதீங்கன்னு. என் சம்சாரம் அழுதா." எழுந்தார். "போய் டாக்டர்கிட்ட சொல்லு. நானும் கூட வரணுமா?"

"வேண்டாம்ணே."

"சரி" என்று போய்விட்டார். அன்றிலிருந்து அவர் அக்காவைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை. எல்லோரையும்போல ஸ்கேல் அக்கா என்றார்.

தலைமை டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "எத்தனை பேர்?" என்றார்.

"தெரியலை சார். பாதிக்கு மேல இருக்கும்."

முட்டி வலி தொடங்கியதிலிருந்து அக்கா எழுதிய பதிவேடுகளை மேசைமேல் வைத்து, ஒரு சிவப்புப் பென்சிலைக் கொடுத்தார். "அளக்காம எழுதினதை வட்டம் போடுங்க."

அக்கா ஒரு முழு நாள் உட்கார்ந்தார். முதல் இருபது ஜோடியில் மூன்றுக்கு வட்டம் போட்டார். பிறகு கை தயங்கியது. எல்லா எண்களும் ஒரே மாதிரி இருந்தன. அளந்து எழுதியதும் அழகாக இருந்தது, அளக்காமல் எழுதியதும் அழகாக இருந்தது. இந்தத் தம்பியைப் பலகையில் நிறுத்தினோமா, நாற்காலியில் பார்த்தோமா? முகம்கூட நினைவில்லை. மாலையில் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார்.

"எது நிஜம், எது நான் எழுதினதுன்னு எனக்கே பிரிக்கத் தெரியலை சார்."

டாக்டருக்கு அப்போதுதான் முகம் மாறியது. அதுவரை கோபம் இல்லை. இப்போது சோர்வு தெரிந்தது. "அப்போ நல்லதையும் சேர்த்துத் தூக்கிப் போடணும்" என்றார். "நானூத்துப் பன்னிரண்டு ஜோடி. எல்லாரையும் மறுபடி அளக்கணும்."

வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அக்கா பையைக்கூடக் காலிசெய்து வைத்திருந்தார். அனுப்பவில்லை. இனி அளவுப் பலகையைத் தொடக்கூடாது என்றார்கள். புதிதாக ஒரு பெண்ணை அளக்கப் போட்டார்கள். அவளே ஒரு வருடம் முன்பு இரண்டு நாள் அக்காவிடம் வேலை பழகியவள். ஜனங்களை மறுபடி நிலையத்துக்கு வரச்சொன்னால் பாதிப்பேர் வரமாட்டார்கள் என்பதால், பிரித்து மாட்டும் பலகையோடு வீடு வீடாகப் போக முடிவாயிற்று. முகவரி தெரிந்தவர், முகம் தெரிந்தவர் என்று அக்காவைக் கூட அனுப்பினார்கள். போகிறேன் என்று கேட்டதும் அவர்தான்.

முதல் வீட்டில் பொய் சொன்னார். "மிஷின்ல கோளாறு, அதான் மறுபடி அளக்கறோம்." அந்த வீட்டம்மா உட்காரச்சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். வெளியே வந்ததும் புதிய பெண், பலகைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "மிஷின் நல்லாத்தானே இருக்கு அக்கா" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

அடுத்த வீட்டிலிருந்து, "போன தடவை நான் சரியா அளக்கலை, என் தப்பு" என்று சொல்ல ஆரம்பித்தார். சிலர் "அதனால என்ன" என்றார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். ஓர் அம்மா, "அப்போ எங்க ரத்தத்தையும் கீழ கொட்டிட்டீங்களா?" என்று கேட்டாள்.

பதினோராவது நாள் ஒரு தையல்காரர் கடைக்குப் போனார்கள். அண்ணன் தம்பி ஜோடியில் அவர் தம்பி. அண்ணனை முந்தின நாளே அளந்தாயிற்று, நூற்று எழுபத்தொன்று. தையல்காரர் மிஷினுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தபோது அக்காவுக்குத் திக்கென்றது. உட்கார்ந்திருந்தபோது நல்ல ஆகிருதியாகத் தெரிந்தவர், நின்றதும் அக்காவைவிட நாலைந்து விரல்தான் கூடுதலாக இருந்தார். உடம்பு முழு அளவு, கால்கள் மட்டும் குட்டை. பலகையில் நின்றார். நூற்று ஐம்பத்தெட்டு புள்ளி ஆறு. அக்காவின் பதிவேட்டில் நூற்று அறுபத்தொன்பது புள்ளி எட்டு.

"சின்ன வயசுல நாலு வருஷம் படுக்கையில கிடந்தேன்" என்றார் தையல்காரர், யாரும் கேட்காமலே. "வளர்ற வயசு அதுலயே போச்சு. அண்ணன் வளர்ந்துட்டான்."

அக்கா தன் பாடத்தைச் சொன்னார். போன தடவை அளக்கவில்லை, தன் தப்பு.

"தெரியுமே" என்றார் அவர். ஒரு பெட்டியைத் திறந்து, ஆய்வு நிலையம் அவருக்கு அனுப்பிய அறிக்கைச் சீட்டை எடுத்துக் காட்டினார். "இதை வீட்ல காட்டினேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அன்னைக்கு நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். நீங்க கதவுகிட்ட வந்து ஒரு பார்வை பார்த்தீங்க, எழுதினீங்க, போயிட்டீங்க. இப்போ கூப்பிடுவாங்க, இப்போ கூப்பிடுவாங்கன்னு இருந்தேன். கூப்பிடலை. சரி, நம்ம உயரம் யாருக்கு வேணும்னு வந்துட்டேன்."

கழுத்தில் தொங்கிய டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நான் துணி வெட்டறவன் அம்மா. அண்ணனை அளந்து தம்பிக்குச் சட்டை வெட்டினா யார் போட்டுக்கறது?"

வண்டிக்கு வந்து உட்கார்ந்ததும் அக்காவுக்கு அழுகை வந்தது. புதிய பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரம் புள்ளிவிவர மேடம் வந்திருந்தாள். தையல்காரர் விஷயம் அவளுக்கும் தெரிந்திருந்தது. அக்கா தயங்கித் தயங்கி அவளிடம் போனார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? பரம்பரை எண்பதுன்னா, ஒரு பிள்ளைகிட்ட எண்பது பங்கு ரத்தத்துல வந்ததுன்னுதானே அர்த்தம்?"

"இல்லக்கா. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. இது கூட்டத்தைப் பத்தின கணக்கு. ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்துல எவ்வளவு மரபணுவோட போகுதுங்கிறது. ஒருத்தரைத் தனியா நிறுத்தி, இதுல இத்தனை உங்க அப்பா, இத்தனை உங்க அத்தைன்னு பிரிக்க முடியாது. அந்தத் தையல்காரரையே பாருங்க, அவர் ரத்தத்தை மட்டும் பார்த்திருந்தா அந்த நாலு வருஷப் படுக்கை எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே தெரியாது."

"படிப்புக்கும் அப்படித்தானா?"

"படிப்புக்கு இன்னும் மோசம். ரத்தத்தைப் பார்த்து இந்தப் பிள்ளை பாஸ், இந்தப் பிள்ளை ஃபெயில்னு எங்களால சொல்லவே முடியாது. யாராவது சொன்னா நம்பாதீங்க."

அக்கா "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். பல லட்சம் இடங்களைத் தேடிப் பார்க்கிறவர்களே சொல்லமாட்டோம் என்கிற ஒன்றை, பதினேழு வயசுப் பெண்ணிடம், ஏழு மதிப்பெண்ணை வைத்துச் சொல்லியிருக்கிறோம். நாத்தனாரைச் சாடையாகத் திட்டுவதற்குப் பெண்ணைக் கருவியாக்கியிருக்கிறோம் என்பதும் அந்த ஈரத் தரையில் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது.

அடுத்த நாள் மதிய இடைவேளையில் சின்னவளின் கூரியர் அலுவலகத்துக்குப் போனார். இத்தனை வருடத்தில் அங்கே போனதே இல்லை. நீளமான கூடம், சுவர் முழுக்க எண் போட்ட தட்டுகள். சின்னவள் நடுவில் நின்று, வந்து விழும் பார்சலின் முகவரியைப் பார்த்ததும் பார்க்காததுமாகத் தட்டுத் தட்டாக வீசிக்கொண்டிருந்தாள். ஒன்றைக்கூட மறுபடி எடுத்து மாற்றவில்லை. அக்கா ஓரமாக நின்று பார்த்தார். பக்கத்திலிருந்த மேற்பார்வையாளர், "அவங்க வந்த எட்டு வருஷத்துல தட்டு மாறி ஒரு பார்சல் போனதில்லம்மா" என்றார். இவர் தாய் என்று அவருக்குத் தெரியாது.

சின்னவள் பயந்துபோய் ஓடிவந்தாள். "என்னம்மா? அப்பாவுக்கு ஏதாவதா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. சும்மா வந்தேன்."

மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். அக்கா வேலையில் நடந்ததைச் சொன்னார். அம்மாவைத் தப்பு செய்கிற ஆளாகச் சின்னவள் யோசித்ததே இல்லை. "நீயா?" என்று இரண்டு முறை கேட்டாள். அந்த "நீயா" அக்காவுக்குக் கதவைச் சாத்திய வீட்டைவிட வலித்தது.

"உன்னையும் நான் அப்படித்தான் பண்ணிட்டேன்" என்றார் அக்கா. "மறுபடி எழுதறேன்னு கேட்டே. நான்தான் ரத்தம் கித்தம்னு சொல்லி... எனக்கு ஒண்ணும் தெரியாது அப்போ. தெரிஞ்ச மாதிரி சொன்னேன். தப்பும்மா."

சின்னவள் ஒரு பார்சலின் ஓரத்தில் பிரிந்திருந்த டேப்பை நகத்தால் தேய்த்து ஒட்டினாள்.

"இப்போ வேணும்னாலும் எழுதலாம். வயசு ஒண்ணும் ஆயிடலை. நான்..."

"வேண்டாம்மா."

"இல்ல, மேடம் சொன்னாங்க..."

"மேடம் சொன்னாத்தான் உனக்கு நம்பிக்கை வருது." குரல் உயரவில்லை. "எனக்கு இப்போ அது வேண்டாம்மா. அப்போ வேணும். அப்போ எவ்வளவு வேணும்னு உனக்குத் தெரியாது. அத்தை வந்தாலே நான் அறைக்குள்ள போயிடுவேன், ஞாபகம் இருக்கா? அவங்களைப் பார்த்தா என் முகத்தைப் பார்க்கிற மாதிரி பயமா இருக்கும். பாவம், அவங்க எனக்கு ஒண்ணும் பண்ணலை."

மணி அடித்தது. சின்னவள் எழுந்தாள். அம்மா எழ முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்து, கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை முட்டிக்கு டாக்டரைப் பார்க்கலாம். நான் வரேன்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டு ஜோடியில் முந்நூற்று எழுபத்தொன்றை மறுபடி அளக்க ஐந்து மாதம் ஆயிற்று. மீதிப் பேரில் பலர் ஊர் மாறியிருந்தார்கள், சிலர் மறுத்துவிட்டார்கள். இரண்டு பேர் இறந்திருந்தார்கள். அந்த ஜோடிகளை ஆய்விலிருந்தே எடுத்துவிட்டார்கள். புதுக் கணக்கில் அந்த ஊரின் பரம்பரை எண்பத்திரண்டுக்கு இறங்கியது. மரபணுவில் தேடிக் கிடைத்தது அப்போதும் பாதியைத் தொடவில்லை. "இந்த இடைவெளி பரவாயில்லை. இது நிஜமாவே எங்களுக்குத் தெரியாதது" என்றாள் புள்ளிவிவர மேடம். ஆய்வுக் கட்டுரை வந்தபோது அதில் ஒரு வரி இருந்தது: ஒரு நிலையத்தில் அளவுகள் நம்பத்தக்கவையாக இல்லாததால் மீண்டும் எடுக்கப்பட்டன. யார் பெயரும் இல்லை. டாக்டர் அந்தப் பக்கத்தை அக்காவிடம் காட்டினார். அக்கா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

டைப்பிஸ்ட் அண்ணனைக் கம்ப்யூட்டருக்குத் திருப்பி அனுப்பி, எல்லோர் முன்னாலும் டாக்டர் வருத்தம் தெரிவித்தார். அந்தக் கூட்டத்தில் அக்காவும் எழுந்து தன் வாயால் சொன்னார். ஓய்வுபெறும் நாளில் டைப்பிஸ்ட் அண்ணன் எல்லோருக்கும் கை கொடுத்தார். அக்காவுக்கும் கொடுத்தார். "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்றார். போ, வா என்று பேசியவர் வாங்க, போங்க என்று மாறியது அக்காவுக்கு மட்டும் கேட்டது.

அக்கா இப்போது வாசல் மேசையில் வருகைப் பதிவு செய்கிறார். ஆய்வின் அடுத்த சுற்றுக்குப் பழைய குடும்பங்கள் மறுபடி வருகின்றன. அடையாளம் தெரிந்தவர்கள், "நீங்கதானே அளக்கிறவங்க?" என்று கேட்பதுண்டு.

"முன்னாடி அளந்தேன். சரியாச் செய்யலை. இப்போ உள்ளே ஒரு பொண்ணு இருக்காங்க, அவங்க அளப்பாங்க" என்கிறார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் காது சுடத்தான் செய்கிறது. சொல்லிவிட்டு, எந்த அறை என்று கை காட்டுகிறார்.